இந்தியச் சட்டக்கல்வியில் நிர்வாகச் சட்டமும் சுற்றுச்சூழல் சட்டமும்

இந்தியாவில் சட்டப் பட்டம் படிக்கும் மாணவர்கள் நிர்வாகச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம் ஆகிய இரண்டையும் கட்டாயத் தாள்களாகப் படிக்கின்றனர். மூன்றாண்டுப் படிப்பானாலும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பானாலும் இதில் மாற்றமில்லை. அரசும் அதன் அலுவலர்களும் தம் அதிகாரத்தை எந்த எல்லைக்குள் பயன்படுத்தலாம் என்பதை ஆராய்வது நிர்வாகச் சட்டம். நீர், காற்று, காடு, கடற்கரை, வனவிலங்கு ஆகியவற்றின் பாதுகாப்புக்கான சட்டங்களை ஆராய்வது சுற்றுச்சூழல் சட்டம்.

பாடத்திட்டத்தில் இவை தனித்தனித் தாள்கள். தேர்வும் தனித்தனியே நடக்கிறது. ஆனால் இந்தியாவில் இவை வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் ஒன்றை விட்டு மற்றொன்றைப் படிக்க முடியாது என்பது புலப்படும். ஒரு தொழிற்சாலை ஆற்றில் கழிவை விடலாமா என்ற கேள்வி, அதற்கு இசைவாணை கொடுத்தவர் யார், எந்தச் சட்டப்பிரிவின் கீழ் கொடுத்தார், கொடுக்கும் முன் யாரைக் கேட்டார், மறுக்கப்பட்டால் எங்கே மேல்முறையீடு செய்வது என்ற கேள்விகளாகவே நீதிமன்றத்தில் மாறுகிறது. இவை அனைத்தும் நிர்வாகச் சட்டத்தின் கேள்விகள்.

இல்லை என்று சொல்லப்பட்ட பாடம்

நிர்வாகச் சட்டம் பல்கலைக்கழகத்தில் நுழைய நெடுங்காலம் பிடித்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 1882 முதல் 1909 வரை ஆங்கிலச் சட்டப் பேராசிரியராக இருந்த ஏ. வி. டைசி, 1885-இல் வெளியிட்ட அரசியலமைப்புச் சட்ட நூலில், பிரான்சில் உள்ளது போன்ற நிர்வாகச் சட்டம் இங்கிலாந்துக்கு அந்நியமானது என்று வாதிட்டார். பிரான்சில் அரசு அலுவலர்களுக்கு எதிரான வழக்குகளை 1799-இல் நிறுவப்பட்ட அரசு மன்றம் என்ற தனி அமைப்பு விசாரித்தது. இங்கிலாந்திலோ அமைச்சரும் குடிமகனும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே சட்டத்தின் முன் நிற்க வேண்டும். இதையே டைசி சட்டத்தின் ஆட்சி என்றார்.

இக்கருத்து கேட்பதற்கு உயர்வானது. ஆனால் அதன் விளைவாக ஆங்கிலேய மாணவர்கள் பல பத்தாண்டுகள் தங்கள் கண்முன் வளர்ந்துகொண்டிருந்த ஒன்றைப் பாடமாகப் படிக்காமல் இருந்தனர். கல்வி வாரியம், உள்ளாட்சி வாரியம் போன்றவை மக்களின் உரிமைகளைப் பாதிக்கும் முடிவுகளைத் தாமே எடுத்துவந்தன. 1911-லும் 1915-லும் பிரபுக்கள் அவை இவ்வாரியங்கள் குறித்து வழங்கிய இரு தீர்ப்புகளுக்குப் பின் டைசியே தம் நிலைப்பாட்டைத் தளர்த்தி 1915-இல் ஒரு கட்டுரை எழுதினார். லண்டன் பொருளியல் பள்ளியில் பணியாற்றிய வில்லியம் ராப்சன் 1928-இல் நிர்வாகத் தீர்ப்பாயங்கள் பற்றி எழுதிய நூல் பாடத்துக்கு ஓர் உருவம் தந்தது. அமெரிக்கா இதில் முந்திக்கொண்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிராங்க் குட்நவ் ஒப்பீட்டு நிர்வாகச் சட்டம் பற்றிய தம் நூலை 1893-இலேயே வெளியிட்டுவிட்டார்.

காலனிய இந்தியாவில் இந்த மறுப்புக்கு இடமே இருந்திருக்கக் கூடாது. இங்கு ஆட்சி என்பதே விதிகளாலும் அலுவலர்களின் ஆணைகளாலும் நடந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நிலப்பகுதியைக் காப்புக்காடாக்க அரசு முடிவு செய்தால், வன நிர்ணய அலுவலர் ஒருவர் நியமிக்கப்படுவார். மேய்ச்சல், வழிப்பாதை, நீர் எடுத்தல் போன்ற உரிமைகளைக் கோருபவர்கள் குறித்த காலத்துக்குள் அவர்முன் கோரிக்கை வைக்க வேண்டும். தலைமுறைகளாக அனுபவித்துவந்த உரிமைகளை நிர்ணயித்தவர் நீதிபதி அல்லர், அரசு அலுவலர். அச்சட்டம் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றும் நடைமுறையில் உள்ளது. நிர்வாகச் சட்டமும் சுற்றுச்சூழல் சட்டமும் சந்தித்துக்கொண்ட முதல் இடங்களுள் காடு ஒன்று என்று கொள்ளலாம்.

இந்தியாவில் நிர்வாகச் சட்டம்

விடுதலைக்குப் பின் இந்திய அரசியலமைப்பின் 32, 226 ஆகிய பிரிவுகள் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் நீதிப்பேராணை வழங்கும் அதிகாரத்தைத் தந்தன. அரசின் ஆணையை எதிர்த்துக் குடிமகன் நேரடியாக நீதிமன்றம் செல்ல வழி பிறந்தது. வழக்குகள் குவிந்தன. அவற்றை முறைப்படுத்திப் படிக்கவேண்டிய தேவையும் எழுந்தது.

ஏ. டி. மார்கோஸ் எழுதிய, நிர்வாகச் செயல்கள் மீதான நீதிமன்றக் கட்டுப்பாடு பற்றிய நூல் 1956-இல் சென்னையில் மெட்ராஸ் லா ஜர்னல் அலுவலகத்திலிருந்து வெளிவந்தது. இத்துறையில் இந்தியாவில் எழுந்த முன்னோடி நூல்களுள் அது ஒன்று. அதே ஆண்டில் புது டெல்லியில் இந்தியச் சட்ட நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால ஆய்வுகளில் நிர்வாகச் சட்டத்துக்கு முக்கிய இடம் இருந்தது. எம். பி. ஜெயின், எஸ். என். ஜெயின் இருவரும் இணைந்து எழுதிய நிர்வாகச் சட்டக் கோட்பாடுகள் நூல் 1971-இல் வெளிவந்து பல தலைமுறை மாணவர்களின் பாடநூலாயிற்று.

இத்தாளைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் தவறாமல் படிக்கும் வழக்கு 1969-இல் தீர்ப்பளிக்கப்பட்ட கிரைபக் வழக்கு. அதன் கதை எளியது. இந்திய வனப் பணிக்கு ஜம்மு காஷ்மீர் மாநில வன அலுவலர்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. அம்மாநிலத்தின் பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலர் அக்குழுவில் ஓர் உறுப்பினர். அவரே தேர்வுக்குரிய வேட்பாளர்களுள் ஒருவரும்கூட! தம் பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் குழுவில் அமரவில்லை. ஆனால் தம் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது அமர்ந்திருந்தார். தரவரிசை தயாரித்தபோதும் பங்கேற்றார். தேர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, வாய்ப்பிழந்தவர்கள் வழக்குத் தொடுத்தனர்.

இது வெறும் நிர்வாகச் செயல், நீதி வழங்கும் செயல் அன்று, எனவே இயற்கை நீதிக் கோட்பாடுகள் இதற்குப் பொருந்தா என்பது அரசின் வாதம். அவ்விரண்டுக்கும் இடையிலான கோடு மெலிந்து மறைந்து வருகிறது என்று கூறி உச்ச நீதிமன்றம் தேர்வை ரத்து செய்தது. இங்கிலாந்தில் 1963-இல் பிரைட்டன் நகரக் காவல் தலைவரின் பணிநீக்க வழக்கில் தொடங்கிய மாற்றத்தை இந்தியா இத்தீர்ப்பால் தனதாக்கிக்கொண்டது. கடவுச்சீட்டு முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில் 1978-இல் வந்த தீர்ப்பு, நியாயமான நடைமுறை என்பதை அடிப்படை உரிமையோடு பிணைத்தது.

தமிழில் படிக்கும் மாணவர்களுக்கு இங்கே ஒரு சொல் இடறும். 'இயற்கை நீதி' என்ற தொடரில் உள்ள இயற்கைக்கும் மரம், மலை, ஆறு என்ற இயற்கைக்கும் தொடர்பில்லை. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது, எதிர்த்தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளையே அத்தொடர் குறிக்கிறது. எனினும் இந்த இரண்டு விதிகளைக் கொண்டுதான் பின்னாளில் பல ஆறுகளுக்கும் காடுகளுக்கும் வழக்காடப்பட்டது.

சுற்றுச்சூழல் சட்டங்களின் வருகை

1972 ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் அவையின் மனிதச் சூழல் மாநாடு நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி அதில் உரையாற்றினார். அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டமும், 1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. 1976-இன் 42-ஆவது திருத்தம் சுற்றுச்சூழல் பாதுகாப்பை அரசின் கடமையாக 48ஏ பிரிவிலும், குடிமக்களின் கடமையாக 51ஏ பிரிவிலும் சேர்த்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்று அமைக்கப்பட்டது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. ஓராண்டு கழித்து டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. இந்நிகழ்வுகளை அடுத்து 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மொத்தம் 26 பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம் இது. அதன் 3-ஆவது பிரிவு, சுற்றுச்சூழலைக் காக்கத் தேவை எனத் தான் கருதும் எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கும் அதிகாரத்தை நடுவண் அரசுக்குத் தருகிறது. அந்நடவடிக்கைகள் எவை என்பதைப் பெரும்பாலும் அரசின் விதிகளும் அறிவிக்கைகளுமே நிரப்புகின்றன. 1991 பிப்ரவரியின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 1994 ஜனவரியின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அதற்குப் பதிலாக 2006 செப்டம்பரில் வந்த புதிய அறிவிக்கை ஆகிய அனைத்தும் இவ்வகையின. நாடாளுமன்றம் சட்டத்தின் எலும்புக்கூட்டைத் தந்து, சதையை அமைச்சகத்திடம் விட்டுவிட்டது.

ஆகவே சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர், நாடாளுமன்றச் சட்டத்தைவிட அமைச்சகத்தின் அறிவிக்கைகளையும் திருத்தங்களையும் அலுவலக ஆணைகளையுமே அதிகம் படிக்க நேர்கிறது. நிர்வாகச் சட்டத் தாளில் 'ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல்' என்ற தலைப்பில் வரும் அலகு, உயிரற்ற கோட்பாடாகத் தோன்றக்கூடியது. கடற்கரையிலிருந்து எத்தனை மீட்டருக்குள் கட்டடம் கட்டலாம் என்பதை முடிவு செய்வது அந்த அலகில் அடங்கும் ஓர் ஆவணம்தான் என்று தெரியும்போது அதன் எடை புரிகிறது.

நீர் மாசுச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் இன்னொரு கூர்மையான எடுத்துக்காட்டு உண்டு. கழிவுநீர் வெளியேற்றும் தொழிற்சாலை, வாரியத்தின் இசைவாணையை முன்கூட்டியே பெற வேண்டும். ஆனால் விண்ணப்பித்த நான்கு மாதங்களுக்குள் வாரியம் கொடுக்கவோ மறுக்கவோ இல்லையென்றால், நிபந்தனையின்றி இசைவு தரப்பட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது அச்சட்டம். அலுவலகத்தில் ஒரு கோப்பு அசையாமல் கிடந்தால் அதன் விளைவு ஆற்றில் தெரியும்.

வகுப்பறைக்கு வந்த வழி

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கியதில் நீதிமன்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கான்பூரில் கங்கையில் கலந்த கழிவு பற்றி வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1988 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்களில் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது இயற்கைச் சூழலைப் பற்றிக் கற்பிக்க வேண்டும் என்றது. 1991 நவம்பர் 22 அன்று அவரது மற்றொரு வழக்கில் விரிவான ஆணை வந்தது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய படவில்லைகள் காட்டப்பட வேண்டும், வானொலியும் தொலைக்காட்சியும் நேரம் ஒதுக்க வேண்டும், பள்ளி முதல் கல்லூரி வரை இது கட்டாயப் பாடமாக வேண்டும், பல்கலைக்கழக மானியக் குழு அதற்கான பாடத்தை வகுக்க வேண்டும் என்பன அதன் கூறுகள்.

ஆணை பிறந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. நடைமுறைக்கு வராததால் வழக்கு மீண்டும் நீதிமன்றம் வந்தது. 2003 டிசம்பரில் மறுபடி ஆணையிடப்பட்ட பின்னரே, மானியக் குழு வகுத்த ஆறு மாதச் சுற்றுச்சூழல் கல்விப் பாடம் எல்லா இளநிலைப் பட்டப் படிப்புகளிலும் 2004-05 கல்வியாண்டு முதல் இடம்பெறத் தொடங்கியது. கலை, அறிவியல் கல்லூரி மாணவர்கள் முதலாண்டில் படிக்கும் சுற்றுச்சூழல் கல்வித் தாளின் பிறப்பிடம் ஒரு பொதுநல வழக்கு என்பது அதைப் படித்துத் தேறிய பலருக்கும் தெரிவதில்லை.

சட்டக் கல்லூரிகளின் கதை சற்று வேறு. அங்கே பாடத்திட்டத்தின் எல்லைகளை வகுப்பது இந்திய வழக்கறிஞர் கழகமாகிய பார் கவுன்சில். 1997-இல் அது வெளியிட்ட பாடத்திட்டத்தில் சுற்றுச்சூழல் சட்டம் கட்டாயத் தாளாயிற்று. 2008-இன் சட்டக்கல்வி விதிகளில் நிர்வாகச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம் இரண்டுமே கட்டாயத் தாள்களின் பட்டியலில் உள்ளன.

அதற்கு முன்பே பாடநூல்கள் வரத் தொடங்கியிருந்தன. ஆர்மின் ரோசன்கிரான்ஸ், ஷியாம் திவான், மார்த்தா நோபிள் ஆகியோர் தொகுத்த, இந்தியச் சுற்றுச்சூழல் வழக்குகளும் சட்டங்களும் அடங்கிய பெருநூல் 1991-இல் வெளிவந்தது. கொச்சியில் பணியாற்றிய பி. லீலாகிருஷ்ணன் இத்துறையில் எழுதிய நூல்கள் தென்னிந்திய மாணவர்களிடையே பரவலாகப் பயன்பட்டன. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் சுற்றுச்சூழல் சட்டத்துக்கான தனி ஆய்வு மையம் 1997-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் தொடங்கியது.

பாலாற்று வழக்கு

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கின் தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் கற்பிக்கப்படும் எந்த வகுப்பிலும் விடுபடுவதில்லை. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அதில் அறிவித்தது.

வழக்கின் பின்னணி அன்றைய வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தின் தோல் பதனிடும் தொழில். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் தொழிற்சாலைகள் கழிவுநீரைப் பாலாற்றிலும் விளைநிலங்களிலும் திறந்தவெளிகளிலும் விட்டுவந்தன. குடிநீர்க் கிணறுகள் கெட்டன. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிருந்ததை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்திருந்தது. திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களில் ஆய்வு செய்யப்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. இந்தக் கணக்குகள் தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளன.

மாணவர்கள் பெரும்பாலும் தீர்ப்பின் கோட்பாட்டுப் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். தேர்வுக்கு அது போதும். ஆனால் தீர்ப்பை முழுவதும் படிப்பவருக்கு வேறொன்று தெரியும். அங்கே சட்டமும் இருந்தது, அதை நிறைவேற்ற வாரியமும் இருந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தோல் தொழிற்சாலைகளுக்கு மாநில அரசு 1985 ஜூலை 31 வரை அவகாசம் தந்திருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்க மானியம் வழங்க நடுவண் அரசு முன்வந்தது. ஆறுகளிலிருந்தும் குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்தும் ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளைத் தொடங்கத் தடை விதித்து 1989 மார்ச் 30 தேதியிட்ட 213-ஆம் எண் அரசாணையும் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் கழிவு ஓடிக்கொண்டிருந்தது.

சட்டம் இல்லாத குறை அன்று இது. கையில் உள்ள அதிகாரத்தை அலுவலகம் பயன்படுத்தாத குறை. நிர்வாகச் சட்டத்தின் பெரும்பகுதி அதிகாரத்தை மீறிப் பயன்படுத்தும் அரசைப் பற்றியது. அதிகாரம் இருந்தும் செயல்படாமல் இருக்கும் அரசை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சுற்றுச்சூழல் வழக்குகளே அத்தாளில் புதிய பக்கங்களைச் சேர்த்தன.

நீதிமன்றம் கண்ட வழியும் நிர்வாக வழிதான். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(3) பிரிவின்படி ஓர் ஆணையத்தை அமைக்க நடுவண் அரசால் முடியும். அதுவரை அத்தகைய ஆணையம் அமைக்கப்படவில்லை. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் அதை அமைக்க வேண்டும், அது நிலத்துக்கும் மக்களுக்கும் நேர்ந்த இழப்பைக் கணக்கிட வேண்டும், மாசுபடுத்தியவர்களிடமிருந்து அத்தொகையை மாவட்ட ஆட்சியர் வசூலிக்க வேண்டும், தேவையானால் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்று ஆணை பிறந்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் தண்டத்தொகை விதிக்கப்பட்டது. தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பு சென்னை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது, பசுமை அமர்வு ஒன்றை அமைக்கவும் பரிந்துரைக்கப்பட்டது.

ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கவும், கண்காணிப்புக் குழு அமைக்கவும் அதில் ஆணையிடப்பட்டது. முதல் தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த ஒரு குழந்தை, சட்டம் படித்து முடித்து வழக்கறிஞராகி அதே ஆற்றின் வழக்கில் வாதாடும் வயதை எட்டிவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து சென்று பாடநூல்களில் நிலைத்த வேறு வழக்குகளும் அதே காலத்தவை. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று வந்த ஆணை, 'காடு' என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது. அதற்கு முந்தைய நாள் வந்த தீர்ப்பு, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்குக்குரியது. கோதவர்மன் வழக்கு முடித்துவைக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. ஒரே தீர்ப்போடு நிற்காமல் இடைக்கால ஆணைகள் மூலம் நிர்வாகத்தைத் தொடர்ந்து இயக்கும் 'தொடர் பேராணை' என்ற முறைக்கு அது முதன்மை எடுத்துக்காட்டாயிற்று. நீதிமன்றமே வனத்துறையாகிவிடலாமா என்ற விமர்சனமும் அதனோடு பிறந்தது. அதிகாரப் பிரிவினை பற்றிய வகுப்பறை விவாதங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைப்பது அரிது.

தீர்ப்பாயம்

ஐதராபாத்தின் உஸ்மான்சாகர், இமாயத்சாகர் ஏரிகளின் அருகே தொழிற்சாலை அமைப்பது பற்றிய நாயுடு வழக்கில் 1999 ஜனவரியில் தீர்ப்பெழுதிய நீதிபதி எம். ஜகந்நாத ராவ், அறிவியல் சிக்கல்களை எடைபோட நீதிபதிகளோடு வல்லுநர்களும் அமரும் அமைப்பு வேண்டும் என்று வலியுறுத்தினார். 1995-இல் இயற்றப்பட்ட சுற்றுச்சூழல் தீர்ப்பாயச் சட்டப்படி எந்தத் தீர்ப்பாயமும் அமைக்கப்படாமலே போயிருந்தது. 2003-இல் சட்ட ஆணையத்தின் 186-ஆவது அறிக்கை சுற்றுச்சூழல் நீதிமன்றங்களைப் பரிந்துரைத்தது. கடைசியில் 2010 அக்டோபர் 18 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நிறுவப்பட்டது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குகிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது, இயற்கை நீதிக் கோட்பாடுகளே வழிகாட்டும் என்கிறது அதன் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. நீடித்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்துதல் ஆகிய மூன்றையும் பின்பற்ற வேண்டும் என்கிறது 20-ஆவது பிரிவு. இரண்டு தாள்களும் அடுத்தடுத்த பிரிவுகளில் அமர்ந்துகொண்டன.

தீர்ப்பாயத்தின் அதிகார எல்லை எவ்வளவு என்பதைத் தமிழ்நாடு மறக்க முடியாத ஒரு வழக்கு சோதித்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். 28-ஆம் தேதி ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. ஆலை நிர்வாகம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. 2018 டிசம்பர் 15 அன்று தீர்ப்பாயம் ஆலைக்குச் சாதகமாக முடிவு செய்தது. 2019 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அம்முடிவை ரத்து செய்தது. ஆலை மாசுபடுத்தியதா இல்லையா என்ற கேள்விக்குள் அத்தீர்ப்பு போகவே இல்லை. இத்தகைய ஆணைகளுக்கு எதிரான மேல்முறையீடு எந்த வரிசையில், எந்த அமைப்பிடம் செல்ல வேண்டும், தீர்ப்பாயத்துக்கு அதைக் கேட்கும் அதிகாரம் உண்டா என்பதே அதில் முடிவு செய்யப்பட்டது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் சான்றுகளை விரிவாக ஆராய்ந்து 2020 ஆகஸ்ட் 18 அன்று ஆலையின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆலையின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது.

செய்தித்தாளில் இவ்வழக்கைப் பின்தொடர்ந்தவர்களுக்கு 2019-இன் தீர்ப்பு சுற்றி வளைத்தது போலத் தோன்றியிருக்கலாம். அதிகார வரம்பு என்ற அலகைப் படித்தவர்களுக்கு அது எதிர்பார்க்கக் கூடியதாகவே இருந்திருக்கும்.

சுற்றறிக்கை சட்டமாகுமா?

தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறிப்பிட்ட வகைத் திட்டங்கள் தொடங்கும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். அனுமதி பெறாமல் இயங்கத் தொடங்கிவிட்ட ஆலைகள் பின்னர் விண்ணப்பிக்கலாம் என்று 2002 மே 14 அன்று அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. குஜராத்தின் மருந்து ஆலைகள் தொடர்பான அலெம்பிக் வழக்கில் 2020 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட அறிவிக்கையை வெறும் அலுவலகச் சுற்றறிக்கையால் மாற்ற முடியாது என்றது. முன்னனுமதி என்ற ஏற்பாட்டின் நோக்கத்தையே பின்னனுமதி குலைக்கிறது என்பதும் அதன் கருத்து. ஆனால் ஆலைகளை மூட நீதிமன்றம் ஆணையிடவில்லை. மூன்று ஆலைகளும் தலா 10 கோடி ரூபாய் செலுத்தவேண்டும் என்றது. சட்டவிரோதம் என்று அறிவித்த பின்னும் ஆலை ஓடலாமா? அதற்கு விகிதாசாரக் கோட்பாடு என்ற நிர்வாகச் சட்டக் கருத்தைக் கொண்டு விடை சொல்லப்பட்டது. அந்த விடை எல்லோருக்கும் நிறைவளித்தது என்று சொல்ல முடியாது. பின்னனுமதி பற்றிய வழக்குகள் அதன் பின்னும் நீதிமன்றத்துக்கு வந்தபடியே உள்ளன.

எந்த மொழியில் கேட்பது

2006 அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம், கிரைபக் வழக்கில் பேசப்பட்ட இயற்கை நீதியின் ஊர்ப்பொது வடிவம் எனலாம். திட்டம் அமையவுள்ள மாவட்டத்திலேயே கூட்டம் நடக்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவரின் உரிய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். முழு அறிக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆங்கில அறிக்கையையும் சில பக்கத் தமிழ்ச் சுருக்கத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மீனவரோ உழவரோ என்ன கருத்தைச் சொல்ல முடியும் என்பது கருத்துக்கேட்புக் கூட்டங்களின் பழைய கேள்வி.

2020-இல் இக்கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. அவ்வாண்டு மார்ச் 23 தேதியிட்டு புதிய தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிடப்பட்டு, மக்களின் கருத்து கோரப்பட்டது. கொரோனா ஊரடங்கு நடைமுறையில் இருந்த காலம் அது. ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்றும், கருத்துச் சொல்ல ஆகஸ்ட் 11 வரை காலம் தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. நடுவண் அரசு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. அலுவல் மொழிகள் சட்டப்படி இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே கட்டாயம் என்பது அதன் வாதம். ஆகஸ்ட் 13 அன்று அம்மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றத்திலேயே மறு ஆய்வு கோருமாறு அரசை அனுப்பியது. அலுவல் மொழிகள் சட்டத்தைத் திருத்துவது பற்றி அரசு எண்ணிப் பார்க்கலாம் என்றும் விசாரணையின்போது நீதிபதிகள் குறிப்பிட்டனர். அச்சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு 1963.